தாய்ப்பூச்சி பறந்த சாயங்காலம்

எங்கள் புஞ்சையில் கடலை பூவெடுக்கத் தொடங்கியிருந்த சமயத்தில் ஆடி மாதத்தின் முதல் பெருமழை பெய்தது. நாகமலைக்கு மேற்கே, கால்வாய் எட்டாத, வானத்தை மட்டும் நம்பிய ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் மழை பெய்தால் எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டார்கள்தான். ஆனால் மழை விட்ட மறுநாள் காலையிலேயே ஆண்கள் வரப்போரமாகக் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மண்ணுக்குள் இருந்தது கம்பளிப்புழுவின் கூடு. முந்தின வருஷம் கடலையைத் தின்று கொழுத்த புழு, வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணைத் துளைத்து இறங்கி, பழுப்பு நிறக் கூடாக மாறி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பெருமழையின் ஈரம் அது கிடக்கிற ஆழம்வரை இறங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பூச்சியாகி மேலே வரும். அதை எங்கள் ஊரில் தாய்ப்பூச்சி என்பார்கள்.

நான் பிறந்தது வைகைக் கரையில், சோழவந்தான் பக்கத்து நெல் வயல்களுக்கு நடுவே. எங்கள் பக்கம் இந்தப் பூச்சி கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் ஆடியில்தான் பார்த்தேன். பொழுது சாய்கிற நேரம். காலடியில் மண் லேசாக விரிந்து, ஈரத்துணியைக் கசக்கிப் போட்டது போல ஒன்று வெளியே வந்தது. பக்கத்துச் செடியின் தண்டில் ஏறித் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசங்கிய துணி விரிந்தது. வெளுப்பும் பழுப்புமாக நீண்ட இறக்கை. முன்ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்திருந்தது. உள்ளிறக்கையில் மை தொட்டு வைத்தாற்போல் கறுப்புப் பொட்டுகள். அழகாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் காடு முழுக்க அதே மாதிரி ஆயிரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. இறக்கை காய்ந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சொன்னார். "ஆண்பூச்சி வெரசாப் பறக்கும். பொட்டைக்கு வயித்துல முட்டை கனம். தாழப் பறந்து பக்கத்துச் செடியிலயே உக்காந்துரும். இன்னைக்குச் சாயங்காலம் விட்டா நாளைக்கு முட்டைதான்."

வெளிச்சத்தைக் கண்டால் பூச்சியால் விலகிப் போக முடியாது. அது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த பிடி. மழை பெய்ததுமே ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் காட்டு மூலையில் பருத்தி எடுத்து முடிந்த செடியின் மாரையும் காய்ந்த ஓலையையும் குவித்து மூடி வைப்பார்கள். மழை பெய்த மூன்றாம் நாள் பொழுது மங்கியதும் எல்லாக் குவியலையும் ஒரே சமயத்தில் கொளுத்துவார்கள். ஒருவர் மட்டும் கொளுத்தினால் ஊர்ப் பூச்சியெல்லாம் அவர் காட்டுக்கு வந்துவிடும் என்பதால் ஒரே சமயம். அந்த முதல் வருஷம் நெருப்பைச் சுற்றி வெள்ளைச் சுழலாகப் பூச்சிகள் விழுந்து கருகியதை முக்காட்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்தபடி பார்த்தேன். மறுநாள் சாம்பலை ஆண்கள் மண்வெட்டியால் வாரினார்கள். அந்த வருஷம் புழு வந்தது, ஆனால் கையால் பொறுக்கித் தீர்க்கிற அளவுக்குத்தான்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்ததை. உலகச் சண்டை எங்கள் பக்கம் நெருங்கி வந்துவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்கள் அங்கங்கே ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். விமானத்திலிருந்து எதிரி குண்டு போடுவான் என்று மதுரையில் இருட்டடிப்பு. தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருப்பதாகவும், வீட்டு ஜன்னல் வழியாக வெளிச்சம் கசிந்தால் விசில் ஊதிக்கொண்டு வருகிறார்கள் என்றும் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் ஊர் கிராம முன்சீப், என் வீட்டுக்காரரின் அண்ணன். எனக்கு மூத்தார். தகப்பனார் சின்ன வயதில் போய்விட்டதால் தம்பியை அவர்தான் வளர்த்தார். அதட்டிப் பேச மாட்டார். ஒரு தப்பு நடந்துவிடுமோ என்ற கவலை எப்போதும் முகத்தில் இருக்கும். தாலுகா கச்சேரிக்குப் போகும் நாளில் காலையில் சாப்பிட மாட்டார், திரும்பி வந்துதான் சாப்பிடுவார். அந்த ஆனி மாதம் கச்சேரியில் முன்சீப்புகளை எல்லாம் நிற்க வைத்து இருட்டடிப்பு உத்தரவைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். திறந்த வெளியில் வெளிச்சம் காட்டக்கூடாது, மீறினால் முன்சீப்பே பொறுப்பு என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. வந்த அன்றே தலையாரியை விட்டுத் தண்டோரா போட்டார். நாங்களும் சிம்னி விளக்குக்குக் காகிதம் சுற்றினோம். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆடியின் முதல் பெருமழை பெய்த மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடியும் தண்டோரா. காட்டில் யாரும் நெருப்புப் போடக்கூடாது.

சாவடி முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஏன் முன்சீப்பு, நம்ம கடலைக்காட்டுல குண்டு போட்டு அவனுக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

மூத்தார் சிரிக்கவில்லை. "எழுதி வந்த உத்தரவு. ஊரே எரியுற மாதிரி அம்புட்டு நெருப்புப் போட்டா அது மதுரை வரைக்கும் தெரியும். கையில விலங்கு மாட்டும்போது யாரும் கூட வர மாட்டீக."

"அப்ப பூச்சிய என்ன செய்யிறது?"

"காலையில பொறுக்குவோம்" என்றார்.

பொறுக்கித் தீர்க்கிற அளவா அது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் விலங்கு என்ற சொல் வேலை செய்துவிட்டது. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துவிட்டு, மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். தடுக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

அன்று மேகம் மூடிக் காற்றில்லாமல் இருந்தது. பூச்சி பறக்க அதைவிட நல்ல பொழுது கிடையாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவை செடிகளில் ஏறித் தொங்கத் தொடங்கியிருந்தன. கால் வைக்க இடமில்லை. நான் அதுவரை பார்த்ததிலேயே அந்த வருஷம்தான் அதிகம். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் வந்து தத்தம் குவியல் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் கொளுத்தினால் எல்லோரும் கொளுத்துவார்கள் என்று பார்த்தவுடன் புரிந்தது.

என் வீட்டுக்காரர் குனிந்து ஓலையில் தீ வைத்தார். பருத்திமார் படபடவென்று பிடித்துக்கொண்டது. முதல் பூச்சிகள் வந்து விழ ஆரம்பித்தபோதே வரப்பில் மூத்தார் ஓடி வருவது தெரிந்தது. அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"அணைடா!" என்றார்.

"அணைக்க மாட்டேன், அண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க. கேட்டா நான் போட்டேன்னு சொல்லுங்க."

"நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? ஒரே வீடுதானடா!"

தம்பி நகரவில்லை. மூத்தார் அடுத்து செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. செருப்பில்லாத காலோடு நெருப்புக்குள் இறங்கி மிதித்தார். எரிகிற மாரை இரண்டு கையாலும் இழுத்து ஈரமண்ணில் எறிந்தார். "அண்ணே, அண்ணே" என்று அலறிக்கொண்டு தம்பி அவரை இழுக்க, அவர் உதறிவிட்டு மறுபடி மிதிக்க, கடைசியில் நெருப்பை அணைக்க என் வீட்டுக்காரரும் சேர்ந்து மண்ணை வாரிப் போட வேண்டியதாயிற்று. அண்ணனைக் காப்பாற்ற அதைத் தவிர வழியில்லை.

நெருப்பு அடங்கியதும் சுற்றி நின்ற நாங்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நின்றோம். அப்போதுதான் அவை கிளம்பின. இறக்கைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், காய்ந்த நெல்லைச் சுளகில் தள்ளுவது போல மெல்லக் கேட்டது. கன்னத்தில் மோதின. கழுத்தில் உட்கார்ந்தன. போக வெளிச்சம் எதுவுமில்லாததால் எங்கும் போகாமல் எங்கள் செடிகளின் மேலேயே தாழ்வாகச் சுற்றின. யாரோ ஒருவர் கையிலிருந்த துண்டால் காற்றை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். மூத்தார் வரப்பில் உட்கார்ந்திருந்தார். தலையாரி தூக்கிவிட்டபோது அவரால் வலது காலை ஊன்ற முடியவில்லை.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் காட்டில் இறங்கினோம். பகலில் அந்தப் பூச்சி பறக்காது. இலையடியிலும் வரப்புப் புல்லிலும் செத்தது போல ஒட்டிக்கொண்டிருக்கும். பிடுங்கிக் கூடையில் போட்டு மிதித்தோம். ஆனால் இலையைத் திருப்பினால் அடியில் வெளிர்மஞ்சள் முட்டைகள், கசகசாவைக் கொட்டி ஒட்டினாற்போல். ஒரு தாய்ப்பூச்சி வைக்கிற முட்டை ஒரு இலையை மூடிவிடும். இலைகளைக் கிள்ளிக் கிள்ளி மடியை நிரப்பினோம். கிள்ளிய இடத்துக்குப் பின்னால் கிள்ளாத காடு அப்படியே கிடந்தது.

சில நாளில் முட்டைகள் பொரிந்துவிட்டன. முதலில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள். இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்றன. காடு முழுக்கச் சல்லடையாகித் தூரத்திலிருந்து பார்த்தால் வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவை சிவந்த மயிரோடு விரல் நீளத்துக்கு வளரும், அப்புறம் நடக்கத் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மூத்தார் புண்காலோடு முனகுவது இந்தப் பக்கம் கேட்கும். என் வீட்டுக்காரர் காதில் விழாதது போல எழுந்து வெளியே போய்விடுவார். நான் மட்டும் ஓரகத்தியிடம் போய்ச் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அவர் மூத்தாரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் பிறந்தவர். அந்த நாட்களில் அவரும் அதிகம் பேசவில்லை.

புழு நடக்கத் தொடங்கினால் தடுக்கக் காட்டைச் சுற்றிக் குழி வெட்டி, அதில் விழுகிறவற்றின் மேல் சீமெண்ணெய் தெளிக்க வேண்டும். சீமெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. எங்கள் கடலையை வருஷாவருஷம் வாங்கிச் செக்கில் ஆட்டும் வியாபாரி ஒருவர் மதுரையில் தெற்குவாசல் பக்கம் இருந்தார். அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் போனோம். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.

வியாபாரி தாடி நரைத்த மனிதர். என் வீட்டுக்காரரை மாப்ள என்பார், இவர் அவரைப் பாய் என்பார். எங்களை உட்கார வைத்து, உள்ளே சொல்லி எங்களுக்கு மோர் வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும், "நெருப்புப் போடலையா மாப்ள?" என்றார்.

"எப்பிடிப் போடுறது பாய்? இருட்டடிப்புல்ல."

அவர் புரியாமல் பார்த்தார். "அது டவுனுக்குள்ள எரியிற விளக்குக்கு. காட்டுல பூச்சிக்கு நெருப்புப் போடுறதுக்கு யார் என்ன சொன்னா? திருமங்கலம் பக்கத்து ஆளுக போன வாரம் இங்கதான் உக்காந்திருந்தாங்க. அவுக பக்கம் மழை முந்திப் பேஞ்சு, முந்தியே போட்டுட்டாங்க. ஒரு போலீசும் வரலையே. கச்சேரியிலயே அதுக்குத் தடை இல்லைன்னு சொன்னாங்களாம்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். பாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. தன் வீட்டுக்கு வைத்திருந்த சீமெண்ணெயில் ஒரு டின் ஊற்றிக் கொடுத்தார். "இம்புட்டுத்தான் இருக்கு மாப்ள. அல்லா பாத்துக்குவான்."

திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் சொன்னார். "ஊர்ல யார்ட்டயும் சொல்லாத."

"ஏன்?"

"சொன்னா அண்ணனை உசுரோட விட மாட்டாங்க."

அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார், ஆனால் அவரைக் காப்பாற்ற ஊரையே ஏமாற்றச் சொல்கிறார். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

புழுக்கள் நடக்கத் தொடங்கின. காலை வெயில் ஏறும் நேரத்தில், தின்று முடித்த காட்டிலிருந்து தின்னாத காட்டை நோக்கி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தை இழுத்துக்கொண்டு போவது போல நகர்ந்தன. வரப்பை ஏறி இறங்கின. பாதையைக் கடந்தன. வண்டிச்சக்கரத்தில் நசுங்கிய தடத்தின் மேலேயே அடுத்தவை நடந்தன. கோழி கூடத் தொடாது. குழி வெட்டி, எருக்கந்தழையைப் போட்டு ஆசை காட்டி, விழுந்தவற்றை மண்ணைத் தள்ளி மிதித்தோம். பாய் கொடுத்த சீமெண்ணெய் ஒரு காட்டு ஓரத்துக்குக்கூடப் போதவில்லை. மயிர் பட்டுப் பெண்களின் கையும் கழுத்தும் தடித்துச் சிவந்தன. குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாமல் ஒருத்தி அழுதாள். ஓரகத்தியும் எங்களோடு குழி மிதித்தார். அவர்கள் காடும் போய்விட்டிருந்தது. அவரோடு அந்த நாட்களில் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை, என்னைத் தவிர.

ஊருக்கு வடக்கே ஒரு ஓடை. மழையால் அதில் தண்ணீர் ஓடியது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது வடக்குக்காடு. விதை தாமதமாகக் கிடைத்த ஏழைக் குடும்பங்கள் அங்கே சோளமும் பின்கடலையும் போட்டிருந்தார்கள். நடந்து வந்த புழுவால் ஓடையைத் தாண்ட முடியவில்லை. கரையில் வந்து தேங்கி, தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போயிற்று. இனி ஊருக்கு மிச்சம் இருந்தது அந்த வடக்குக்காடு ஒன்றுதான்.

ஆனால் மண்ணுக்குள் இருந்த கூடெல்லாம் முதல் மழைக்கே வெளிவந்துவிடுவதில்லை. ஆழத்தில் கிடப்பவை அடுத்த பெருமழைக்குக் காத்திருக்கும். நடக்கிற புழுவுக்குத்தான் ஓடை தடை. பறக்கிற பூச்சிக்கு அது ஒன்றுமே இல்லை. மறுபடி மேற்கே மின்னல் வெட்டத் தொடங்கிய அன்று எல்லோருக்கும் அந்த நினைப்புத்தான். இரண்டாம் மழை கொட்டித் தீர்த்தது.

மழைக்கு மறுநாள் காலையில் நான் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். அக்கா மூத்தாரின் காலுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். மூத்தாரிடம் நான் அதற்கு முன் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அன்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெரிய மச்சான், டவுன்ல விசாரிச்சோம். காட்டு நெருப்புக்குத் தடை இல்லையாம்."

அக்காவின் கை நின்றுவிட்டது. மூத்தார் தலை நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பலேருந்து?"

"காலுக்கு மருந்து கட்டப் போன அன்னைக்கு. கச்சேரியில கேட்டேன். குமாஸ்தா சிரிச்சான். உம்மைய யாருய்யா வயக்காட்டை அணைக்கச் சொன்னதுன்னான்."

"அப்புறம் ஏன் ஊர்ல சொல்லல?"

"சொல்லி என்னத்தா ஆகப் போகுது? பறந்தது பறந்துருச்சு. வச்ச முட்டையத் திரும்ப எடுக்க முடியுமா? நான் சாவடியில நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு எம்புட்டுப் பேரு கால்ல விழறது?"

"நாளைக்குச் சாயங்காலம் திரும்பவும் பறக்கும், மச்சான். வடக்குக்காடு இருக்கு. நீங்க சொன்னாத்தான் அவுக நெருப்புப் போடுவாங்க. இல்லாட்டி விலங்குக்குப் பயந்து இருட்டுலயே நிப்பாங்க."

அவர் புண்காலை அக்கா பக்கம் நீட்டினார். நான் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் என்னை அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "உன்னைய யாரு கேக்கச் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்கு முன்பே தெரியும் என்பதைச் சொன்னபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் பொழுது மங்கும்போது ஊர் ஜனங்கள் ஓடையைத் தாண்டி வடக்குக்காட்டில் நின்றார்கள். பழக்கத்தில் குவியல்கள் போட்டிருந்தார்கள், ஆனால் யார் கையிலும் தீ இல்லை. பூச்சி மண்ணிலிருந்து வர ஆரம்பித்திருந்தது. அப்போது ஓடைக்கரையில் வெளிச்சம் ஒன்று தெரிந்தது. மூத்தார் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். மறு கையில் எரிகிற கொள்ளி. பின்னால் அக்கா சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். மூத்தார் முதல் குவியலுக்குப் போய்க் கொள்ளியை வைத்தார்.

"எல்லாரும் போடுங்க" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. சிக்க வைக்கப் பார்க்கிறார் என்று சிலர் நினைத்ததாகப் பிறகு சொன்னார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் போய் அண்ணன் கொள்ளியிலிருந்து பற்ற வைத்து அடுத்த குவியலைக் கொளுத்தினார். அதன் பிறகு வரிசையாக எல்லாம் எரிந்தன. நான் கல்யாணமான வருஷம் பார்த்ததைவிடப் பெரிய நெருப்பு. இறக்கை முளைத்த பூச்சிகள் ஓடைக்குத் தெற்கே நாங்கள் பறிகொடுத்த காடுகளிலிருந்தும்கூடத் தண்ணீருக்கு மேலே தாழ்வாகப் பறந்து வந்து விழுந்தன. பெண்பூச்சிகள் பல நெருப்புவரை வர முடியாமல் நடுவிலேயே இறங்கின. அவற்றைப் பெண்கள் ஈரச் சாக்கால் அடித்தார்கள். வடக்குக்காடு தப்பிவிடும் என்று அப்போதே தெரிந்தது. தப்பித்தும்விட்டது.

நெருப்பு தணிந்து கனலாகிய நேரம். எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரி, புருஷன் இல்லாதவள், கையெல்லாம் தடித்து வீங்கியிருந்தவள், மூத்தார் முன்னால் வந்து நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"இன்னைக்குப் போடலாம்னா, அப்ப அன்னைக்கும் போட்டிருக்கலாம்ல, முன்சீப்பு?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். புது உத்தரவு வந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானே மனசுக்குள் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

"போட்டிருக்கலாம்" என்றார் அவர்.

யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒவ்வொருவராக ஓடையில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அந்தக் காட்டுக்காரி கனலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அவளும் போனாள். என் வீட்டுக்காரர் அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவரை நடத்திக் கூட்டிப்போனார். அக்கா அவர்களுக்குப் பின்னால். நான் கடைசியில் தனியாக வந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பழையபடி ஆகிவிட்டார்கள். என்னோடுதான் என் வீட்டுக்காரர் வெகுநாள் சரியாகப் பேசவில்லை. வடக்குக்காட்டில் விளைந்த சோளத்தை ஊர் பகிர்ந்து சாப்பிட்டது. மற்றவர்களில் பாதிப்பேர் அடுத்த கோடைக்குள் மதுரை மில்லுக்கும், சண்டைக்காக ரோடு போடும் வேலைக்கு எங்கோ வடக்கேயும் கிளம்பிப் போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. மூத்தார் தொடர்ந்து முன்சீப்பாகத்தான் இருந்தார். ஆனால் வழக்கென்று, பஞ்சாயத்தென்று அவரைத் தேடி யாரும் வரவில்லை. அவர் சாவடியில் உட்கார்ந்தால் அங்கே இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து வேறு பக்கம் போனார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. தை பிறந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்து, மனைவியின் ஊருக்குப் போவதென்று முடிவு செய்தார்.

கிளம்பும் நாள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் கைப்பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

"நீ அன்னைக்கு வந்து சொன்னது சரிதான்" என்றார். "சொல்லலேன்னா வடக்குக்காடும் போயிருக்கும். எனக்கும் அது தெரியும். ஆனா அந்த மனுசன் பக்கத்துல படுத்துக் கிடக்கிறவ நானு. நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் அவரப் பேசி அனுப்பியிருப்பேன். தம்பி பெஞ்சாதி வந்து மூஞ்சிக்கு நேரா சொன்னதுதான் அவருக்கு அறுத்துக்கிட்டே இருக்கு."

"போயிட்டு வாங்கக்கா" என்றேன். "வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

பிறகு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். மூத்தார் என்னைப் பார்த்தால் நலமா என்று கேட்பார், நானும் கேட்பேன், அத்தோடு சரி. அவர் இறந்தபோது எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனார்கள். அன்று கனலுக்கு முன்னால் அவரிடம் கேட்ட பக்கத்துக் காட்டுக்காரியும் வந்திருந்தாள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களைவிட அதிகமாக அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.